இரண்டாவது கையெழுத்து

நம் ஊரில் ஒரு மனிதன் தன் ஆயுளில் அதிகம் எழுதும் பெயர் காதலியுடையது அல்ல, அப்பாவுடையது. எல்.கே.ஜி. அட்மிஷனில் ஆரம்பித்து, பேங்க் அக்கவுண்ட், பான் கார்டு, வேலைக்கு மனு என்று போகிற இடமெல்லாம் 'தகப்பனார் பெயர்' கூடவே வருகிறது. அம்மாவுக்கு ஒரு கட்டம் ஒதுக்கியது ரொம்பப் பின்னால்தான். அதுவரை அவர் வேலை, பிராக்ரஸ் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'அப்பா வரட்டும், கையெழுத்து வாங்கிக்கோ' என்று சொல்வது.

சரி, அம்மாவே கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?

இதைச் சோதித்துப் பார்த்தவர் கீதா ஹரிஹரன். கோயமுத்தூரில் பிறந்த எழுத்தாளர். 1980-களில் இவரும் கணவரும் தங்கள் சின்னப் பையன் பெயரில் ரிசர்வ் வங்கியின் சேமிப்புப் பத்திரம் வாங்க மனுப் போட்டார்கள். கார்டியன் என்ற இடத்தில் கீதாவின் கையெழுத்து. கணவருக்குப் பூரண சம்மதம். மனு திரும்பி வந்துவிட்டது. தகப்பனார் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டில் கார்டியன் சர்ட்டிபிகேட் வாங்கி வாருங்கள் என்றார்கள். வங்கியைக் குறை சொல்லி என்ன பயன்? 1956-ம் வருஷத்து இந்து மைனர் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பிள்ளைக்குக் கார்டியன் தகப்பனார், அவருக்குப் 'பின்' தாயார்.

கீதா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு 1999-ல் வந்தது. 'பின்' என்றால் அப்பா செத்த பின் என்று மட்டும் அர்த்தமில்லை, அவர் பிள்ளையைக் கவனிக்காவிட்டாலும், ஊரில் இல்லாவிட்டாலும், இரண்டு பேரும் பேசி ஒப்புக்கொண்டாலும் அம்மா கார்டியனாக இருக்கலாம் என்றார்கள். பத்து மாதம் சுமந்தவள் கையெழுத்து செல்லும் என்று சொல்ல, சுதந்திரத்துக்கு அப்புறம் ஐம்பது வருஷம்!

பெற்றவள் பாடே இப்படி என்றால், பெறாதவள்? அதுவும் வீட்டில் ஏற்கெனவே ஒரு அம்மா இருக்க, கூட இன்னொரு அம்மாவும் இருந்தால்?

மாற்றாந்தாய் கதை இல்லை சார். பெண்ணும் பெண்ணும், அல்லது ஆணும் ஆணும் ஜோடியாக வாழ்ந்து, குழந்தை வளர்க்கிறார்களே, அது நியாயமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. முகத்தைச் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொண்டே படிக்கலாம். தடையில்லை.

*

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏப்ரல் டிபோயர், ஜெய்ன் ரௌஸ் என்று இரண்டு நர்ஸுகள். ஒருவருக்குப் பச்சைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை, இன்னொருவருக்கு எமர்ஜென்சியில். இருவரும் காதலித்து, 2007-ல் நாலு பேர் முன்னிலையில் சேர்ந்து வாழ்வதாக உறுதி சொன்னார்கள். மாநிலச் சட்டம் அதைக் கல்யாணமாக ஏற்கவில்லை.

2009-ல் ஒரு ஆண் குழந்தையை எடுத்து வளர்க்க ஆரம்பித்தார்கள். அதே வருஷம் இன்னொரு பையன். குறைமாதத்தில் பிறந்து, பெற்றவளே விட்டுவிட்டுப் போன குழந்தை. இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்தில் ஆள் வேண்டும். அடுத்த வருஷம் ஒரு பெண் குழந்தை. அதற்கும் விசேஷ கவனிப்பு தேவைப்பட்டது.

மிச்சிகன் சட்டப்படி தத்து எடுக்க இரண்டே வழி. கல்யாணமான ஆண்-பெண் ஜோடியாக இருக்க வேண்டும், அல்லது தனி ஆளாக இருக்க வேண்டும். அதனால் பையன்கள் இருவரும் சட்டப்படி ஜெய்னின் பிள்ளைகள், பெண் ஏப்ரலின் பிள்ளை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. ஆனால் காகிதத்தில் இரண்டு குடும்பம்.

ஒரு முறை காரில் போகும்போது எதிரே வந்த வண்டியோடு நேருக்கு நேர் மோதாமல் மயிரிழையில் தப்பினார்கள். உயிர் பிழைத்ததும் ஏப்ரலுக்கும் ஜெய்னுக்கும் எழுந்த கேள்வி, நம்மில் ஒருத்தி போயிருந்தால் குழந்தைகள் யாருக்கு? வக்கீலிடம் போனார்கள். ஜெய்ன் இறந்தால் பையன்கள் மேல் ஏப்ரலுக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது. ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பால் கொடுத்தவள், சட்டத்தின் கண்ணில் பக்கத்து வீட்டு அம்மா மாதிரிதான்.

2012 ஜனவரியில் கேஸ் போட்டார்கள். அவர்கள் கேட்டது கல்யாணம் அல்ல, ஒருவர் பிள்ளையை மற்றவரும் தத்தெடுக்கும் உரிமை மட்டும். நீதிபதி பெர்னார்ட் ஃப்ரீட்மன், ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்டவர். அவர்தான், 'உங்கள் பிரச்னைக்கு வேர் கல்யாணச் சட்டத்தில் இருக்கிறது, வழக்கை மாற்றிப் போடுங்கள்' என்கிற மாதிரி வழி காட்டினார்.

*

2014-ல் விசாரணை. மாநில அரசின் வாதம் நமக்கும் பழக்கமானதுதான். 'குழந்தை ஒழுங்கா வளரணும்னா அம்மாவும் வேணும், அப்பாவும் வேணும்.'

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தெருவையே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அப்பா துபாயில். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு மாத லீவில் வருவார், சென்ட் பாட்டில், டார்ச் லைட்டோடு. பிள்ளையை வளர்ப்பது அம்மாவும் பாட்டியும். இன்னொரு வீட்டில் சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள், அக்காவோடு சேர்ந்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிவிட்டாள். இரண்டு பெண்கள் சேர்ந்து வளர்த்த பிள்ளைகள் உங்கள் ஆபீஸிலேயே பக்கத்து ஸீட்டில் இருப்பார்கள். மீசையெல்லாம் ஒழுங்காகத்தான் முளைத்திருக்கிறது.

உதாரணம் போதாது, புள்ளிவிவரம் வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் இருக்கிறது. இங்கிலாந்தில் சூசன் கோலம்பாக் 1970-களிலிருந்தே இப்படிப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்து வருகிறார். அமெரிக்காவில் 1986-ல் நானெட் கார்ட்ரெல் ஆரம்பித்த ஆராய்ச்சி, பெண் ஜோடிகள் பெற்றெடுத்த குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து, அவர்களுக்குப் பதினேழு வயதான பிறகு 2010-ல் ஒரு முடிவை வெளியிட்டது. படிப்பிலோ நடத்தையிலோ குறை இல்லை. இந்த ஆராய்ச்சிகளில் ஆட்கள் எண்ணிக்கை குறைவு, அவர்களும் தாமாக முன்வந்தவர்கள் என்று ஒரு குறை சொல்வார்கள். அது நியாயமான குறைதான். ஆனால் வேறு வேறு நாட்டில், வேறு வேறு ஆட்கள், வேறு வேறு முறையில் தேடியும் ஏறக்குறைய ஒரே பதில் வருகிறது. குழந்தைக்கு முக்கியம் வீட்டில் சண்டையில்லாத அன்பு, கொஞ்சம் பணம், கேட்க ஆள். 2013-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இந்தப் பக்கமே நின்றது.

எதிர்த்தரப்பு சாட்சி மார்க் ரெக்னெரஸ் என்ற சமூகவியல் பேராசிரியர். 2012-ல் இவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள் பல விதத்தில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், அப்பா அல்லது அம்மாவுக்கு வாழ்க்கையில் எப்போதாவது தன் பாலினத்தவரோடு ஒரு உறவு இருந்தால் போதும், அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். அதில் நிறைய, அப்பா-அம்மா கல்யாணம் முறிந்த வீடுகள். இவற்றை, கடைசி வரை பிரியாமல் வாழ்ந்த அப்பா-அம்மா வீடுகளோடு ஒப்பிட்டார். இடிந்த வீட்டில் மழை ஒழுகுகிறது என்பதற்குச் சுவரில் அடித்த பெயிண்ட்டைக் குற்றம் சொன்ன கதை. நீதிபதி ஃப்ரீட்மன் அந்தச் சாட்சியத்தைத் துளியும் நம்ப முடியாது என்று தூக்கிப் போட்டார்.

*

தத்துவம் படித்தவர்கள் இன்னொரு கேள்வி கேட்பார்கள். ஒரு பேச்சுக்கு, சராசரியில் இந்தப் பிள்ளைகள் அரை மார்க் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அப்போது தடை செய்துவிடலாமா?

ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சராசரியில் கஷ்டம் அதிகம். ஏழைகள் பிள்ளை பெறக் கூடாது என்று யாராவது சொல்வோமா? குடிகார அப்பனுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கும்போது எந்த ரிஜிஸ்திரார் அவன் வாயை மோந்து பார்க்கிறார்? சராசரி என்பது கூட்டத்துக்கு. குழந்தை வளர்வது ஒரு வீட்டில்.

ஹ்யூ லாஃபோலெட் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1980-ல் குறும்பாக ஒரு யோசனை சொன்னார். கார் ஓட்ட லைசென்ஸ் கேட்கிறோம், ஊசி போட லைசென்ஸ் கேட்கிறோம், பிள்ளை வளர்க்க ஏன் கேட்பதில்லை? விளையாட்டுக்கு அல்ல, சீரியஸாகத்தான் கேட்டார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம்தான் முக்கியம். தத்தெடுக்கிறவர்களை மட்டும் நாம் சல்லடை போட்டுச் சலித்துத்தான் எடுக்கிறோம். சம்பளம், உடல்நலம், குணம், வீட்டில் எத்தனை ஜன்னல் எல்லாம் விசாரிக்கிறோம். அதாவது ஏப்ரலும் ஜெய்னும் பரீட்சை எழுதிப் பாஸானவர்கள். நம்மில் பாக்கிப் பேர் ஹால் டிக்கெட்டே இல்லாமல் அப்பா ஆனவர்கள்.

'அதெல்லாம் சரி சார், ஸ்கூல்ல மத்த பசங்க கேலி பண்ணுவாங்களே, அந்தக் குழந்தை என்ன பாவம் பண்ணிச்சு?'

இது அக்கறையில் வரும் கேள்வி. இதற்கும் ஒரு கோர்ட் பதில் சொல்லியிருக்கிறது, வேறொரு விஷயத்தில். ஃப்ளோரிடாவில் விவாகரத்தான ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு கறுப்பரை மணந்துகொண்டாள். குழந்தையை ஊர் கேலி செய்யும் என்று சொல்லி, கீழ்க்கோர்ட் அவளிடமிருந்து குழந்தையைப் பறித்து முதல் கணவனிடம் கொடுத்தது. 1984-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஏகமனதாக அதை மாற்றியது. ஊரார் மனசில் இருக்கும் வெறுப்பைச் சட்டத்தால் அழிக்க முடியாமல் போகலாம், ஆனால் அந்த வெறுப்புக்குச் சட்டம் வேலை செய்து கொடுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். கேலி செய்கிறவனை விட்டுவிட்டு, கேலிக்கு ஆளானவன் வீட்டைப் பிரிப்பது என்ன நியாயம்?

'குழந்தையும் அவங்க மாதிரியே ஆயிட்டா?'

அவர்களை வளர்த்தது யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் அச்சு அசலான அம்மா-அப்பா ஜோடிகள்தான். 

'நம்ம கலாசாரத்துல...' என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவரை அப்படியே கந்தசாமி கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். சரவணப் பொய்கையில் கிடந்த பிள்ளையைத் தூக்கிப் பாலூட்டி வளர்த்தவர்கள் ஆறு கார்த்திகைப் பெண்கள். பக்கத்தில் எந்த ஆணும் இல்லை. பையன் சேனாபதியானான். புராணத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் எதிர்க்கட்சி வக்கீலும் நாலு கதை சொல்வார், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

*

இதுவரை எல்லாம் சுலபமான கேள்விகள். கஷ்டமானது இனிமேல்தான்.

பெற்றவர்கள் கைவிட்ட குழந்தைக்கு வீடு கொடுப்பது ஒன்று. இல்லாத குழந்தையை, கருமுட்டை ஓரிடத்தில், விந்து ஓரிடத்தில், கர்ப்பப்பை ஓரிடத்தில் வாங்கி உருவாக்குவது இன்னொன்று. இரண்டு ஆண்கள் தங்கள் ரத்தத்தில் ஒரு குழந்தை வேண்டும் என்றால் யாரோ ஒரு பெண் சுமந்தாக வேண்டும். அவள் பெரும்பாலும் பணத்துக்காகச் சுமப்பவள். அந்தப் பிள்ளை வளர்ந்து, 'நான் யார் வயித்துல பொறந்தேன்?' என்று கேட்டால் பதில் சொல்ல யாருக்குக் கடமை?

டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர் 1984-ல் விடாப்பிடியாகக் குடைந்த புதிர் ஒன்று இங்கே வந்து நிற்கிறது. இந்த வழியில் உருவாக்கியிருக்காவிட்டால் அந்தக் குழந்தையே இருந்திருக்காது. அப்படியிருக்க, உருவாக்கியதால் அதற்குக் கெடுதல் செய்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? தலை சுற்றுகிறதா? அவருக்கும் இது முழுசாக விடுபடவில்லை.

இங்கிலாந்து நடைமுறையில் ஒரு முடிவு கட்டியது. 2005 ஏப்ரலுக்குப் பின் தானம் கொடுத்தவர் யார் என்பதை, அதனால் பிறந்த பிள்ளை பதினெட்டு வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெற்றோர் சௌகரியத்தைவிடப் பிள்ளையின் கேள்வி பெரியது என்று அர்த்தம்.

ஆனால் இந்தக் கஷ்டங்களைத் தன்பாலின ஜோடிகள் தலையில் மட்டும் கட்ட முடியாது. 2008-ல் குஜராத்தில் ஆனந்த் நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏற்பாடு செய்தவர்கள் ஜப்பானிலிருந்து வந்த, முறைப்படி கல்யாணமான கணவன்-மனைவி. குழந்தை பிறப்பதற்கு முந்தின மாதம் விவாகரத்து. மனைவி எனக்கு வேண்டாம் என்றார். சுமந்தவளும் உரிமை கேட்கவில்லை, முட்டை கொடுத்தவள் யாரென்றே தெரியாது. மூன்று தாய்கள், ஒரு கையெழுத்தும் இல்லை. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஜப்பானியப் பாட்டி நம்ம சுப்ரீம் கோர்ட் வரை அலைந்து, பல வாரம் கழித்து ஒரு அடையாளச் சான்றிதழை வாங்கி ஊருக்கு எடுத்துப் போனார். ஆணும் பெண்ணும் என்பதாலேயே குழந்தைக்குப் பாதுகாப்பு வந்துவிடவில்லை.

என் கட்சி இதுதான். குழந்தை வேண்டும் என்பது ஆசை. நியாயமான ஆசை. ஆனால் அது யாருக்கும் உரிமை இல்லை. ஆண்-பெண் ஜோடிக்கும் இல்லை, மற்றவர்களுக்கும் இல்லை. உரிமை குழந்தைக்குத்தான். தன்னைத் தூக்கி வளர்த்த கைகள் நாளைக்குத் தன்னை விட்டுப் போகாது என்ற உரிமை. அப்படிப் பார்த்தால், 'இவர்கள் பெற்றோராக லாயக்கா?' என்று கேட்டுக்கொண்டே இருப்பதைவிட, 'ஏற்கெனவே வளர்க்கிறார்களே, அந்தக் குழந்தைக்குச் சட்டம் என்ன கொடுத்திருக்கிறது?' என்று கேட்பதுதான் அவசரம்.

*

இங்கே என்ன கொடுத்திருக்கிறது?

2022-ம் வருஷத்துத் தத்து விதிமுறைகளின்படி, ஜோடியாகத் தத்தெடுக்க இரண்டு வருஷமாவது நிலையான கல்யாண வாழ்க்கை இருக்க வேண்டும். தனி ஆளும் தத்தெடுக்கலாம். தனி ஆண் என்றால் பெண் குழந்தை கிடையாது. ஆக, மிச்சிகனில் இருந்த அதே ஏற்பாடு. இருவர் சேர்ந்து வளர்க்க நினைத்தாலும் மனுவில் ஒருவருக்குத்தான் இடம். வீட்டைப் பார்க்க வரும் சமூகப் பணியாளரிடம், பாத்ரூமில் இருக்கும் இரண்டாவது டூத் பிரஷ்ஷுக்கு ஏதாவது கதை சொல்லியாக வேண்டும்.

2023 அக்டோபர் 17 அன்று சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் முன் இது தீர்ப்புக்கு வந்தது. தன்பாலினக் கல்யாணத்தை ஏற்கும் வேலை பாராளுமன்றத்துடையது என்பதில் ஐவரும் ஒன்று. தத்தெடுப்பதில்தான் பிரிந்தார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் அந்த விதி பாரபட்சமானது என்றார்கள். கல்யாணமான ஆண்-பெண் ஜோடி மட்டும்தான் குழந்தைக்கு நிலையான வீடு தர முடியும் என்பதற்கு ஒரு ஆதாரமும் கோர்ட்டில் வைக்கப்படவில்லை என்று சந்திரசூட் எழுதினார். மற்ற மூவரும் விதி செல்லும் என்றார்கள். மூன்றுக்கு இரண்டு. 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடி.

மூவர் சொன்ன காரணத்தையும் கேட்க வேண்டும். கல்யாணம் என்று ஒன்று இருந்தால், நாளைக்கு ஜோடி பிரிந்தாலும் ஜீவனாம்சம், பராமரிப்பு என்று குழந்தைக்குச் சட்டப் பிடிமானம் இருக்கும். குழந்தை நன்மைக்காகவே அந்த நிபந்தனை. நல்ல எண்ணம்தான். ஆனால் ரேஷன் கார்டுக்குப் போனால் கேஸ் கனெக்‌ஷன் காகிதம் கேட்டு, கேஸ் கனெக்‌ஷனுக்குப் போனால் ரேஷன் கார்டு கேட்பார்களே, அதே கதை. கல்யாணம் இருந்தால் குழந்தை தருகிறோம், கல்யாணம் மட்டும் கேட்காதே.

இதில் மாட்டிக்கொள்வது யார் என்பதைப் பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரவீந்திர பட்டும் கவனித்தார். ஒருவர் மட்டும் தத்தெடுத்து இருவராக வளர்க்கும் வீடுகளில் குழந்தைக்கு வரக்கூடிய இழப்பைக் குறிப்பிட்டு, அரசாங்கம் வழி தேட வேண்டும் என்றார். 2025 மே மாதம் நம்ம சென்னை உயர் நீதிமன்றமும், காதலித்த பெண்ணோடு வாழவிடாமல் வீட்டார் தடுத்துவைத்த ஒரு பெண்ணை விடுவித்து, குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றது. குடும்பம் என்பது வரை வந்துவிட்டோம். அந்தக் குடும்பத்துக் குழந்தை வரை இன்னும் வரவில்லை.

ஏப்ரலும் ஜெய்னும் நடுவில் ஒரு மேல்கோர்ட்டில் தோற்று, 2015 ஜூன் 26 அன்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஐந்துக்கு நாலு என்று ஜெயித்தார்கள். அந்த ஆகஸ்டில் கல்யாணம். நடத்திவைத்தது யார் தெரியுமா? 'வழக்கை மாற்றிப் போடுங்கள்' என்று சொன்ன அதே ஃப்ரீட்மன். அப்புறம் ஒருவர் பிள்ளையை மற்றவர் தத்தெடுத்தார்கள். ஆரம்பத்தில் கோர்ட்டில் கேட்டது அது ஒன்றைத்தான்.

நம் ஊரில் அப்படி ஒரு வீட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் ஏறி, காகிதத்தில் பெயர் உள்ளவர் வெளியூரில் இருந்தால், ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் ஒரு கேள்வி கேட்பார்கள்.

'நீங்க குழந்தைக்கு என்ன வேணும்?'

அதற்கு எழுத நம்மிடம் இன்னும் கட்டம் இல்லை.